வெட்டிய மூலை

அத்தியாயம் 9

அறிக்கையை அனுப்பிப் பத்து நாட்கள் ஆன பிறகுதான் மௌனம் அந்தப் புகைப்படத்தை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தார்.

மேசையின் மேல் தொழிற்சாலையிலிருந்து வந்த கடிதம் இருந்தது. உங்கள் நிறுவனத்தின் துரிதமான விசாரணைக்கு நன்றி, லிஃப்ட் ஆபரேட்டர் தவறை ஒப்புக்கொண்டுவிட்டார், நாளை காலை பத்து மணிக்குப் பணிநீக்க உத்தரவு கையெழுத்தாகும் என்று நான்கு வரி. கூடவே ஆபரேட்டர் தன் கைப்பட எழுதிய வாக்குமூலத்தின் நகல். அதில் ஒரு வரியை மௌனம் மூன்று தடவை படித்தார். ‘படத்தில் அப்படித் தெரிவதால் நான் அங்கேதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.’

முப்பது வருஷத் துப்பறியும் வேலையில் எத்தனையோ ஒப்புதல்களைப் படித்தவர் அவர். தப்புச் செய்தவன் தன் ஞாபகத்தை வைத்து ஒப்புக்கொள்வான். இந்த மனிதர் மௌனம் காட்டிய படத்தை வைத்து ஒப்புக்கொண்டிருந்தார்.

“என்ன சார், படத்துக்குக் கண்ணு பட்டுடப் போகுது,” என்றாள் ரேடியோ, கையில் டீ டம்ளரோடு.

அவரிடம் பேச்சு குறைவு என்பதால் அவர் மௌனம். அந்தக் குறையை ஈடுகட்டுகிற உதவியாளர் என்பதால் அவள் ரேடியோ. கோர்ட் வாசலில் உட்காரும் வக்கீல் குமாஸ்தாக்கள் வைத்த பட்டங்கள் இவை. இருவரின் நிஜப் பெயரும் இப்போது அந்தக் குமாஸ்தாக்களுக்கே நினைவிருக்காது.

அவர் பூதக்கண்ணாடியை அவளிடம் நீட்டினார்.

உள்ளங்கை அளவுக் கறுப்பு வெள்ளைப் படம். தொழிற்சாலையின் முற்றம். எதிரெதிர் ஓரங்களில் ஒரே மாதிரி இரண்டு கதவுகள், ஒரே மாதிரி இரண்டு சிமெண்ட் பெஞ்சுகள். இடது பக்கக் கதவு படிக்கட்டுக்குப் போவது. வலது பக்கக் கதவு சரக்கு லிஃப்டுக்கு உரியது. இடது பெஞ்சில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். அவர் உடம்புக்குள் சுவரின் செங்கல் வரிசை லேசாகத் தெரிந்தது.

கேமரா என்பது பிஸ்கட் டப்பா. அதில் ஊசியால் குத்திய ஒரு துளை, உள்ளே ஒரு துண்டுப் புகைப்படக் காகிதம். முற்றத்துக்கு எதிர் மாடியில் குடியிருக்கும் ஓவிய ஆசிரியை ஒருவர், மதியச் சங்கு ஊதியதும் ஜன்னல் விளிம்பில் வைத்து மூடியைத் திறந்து, ஆறு நிமிஷம் கழித்து மூடினார். ஆறு நிமிஷத்தில் நடந்து போகிறவர்கள் காகிதத்தில் பதிய மாட்டார்கள். உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் பதிவார்கள். நாலாவது நிமிஷத்தில் லிஃப்டின் கம்பிக்கயிறு அறுந்தது. பெஞ்சில் இருந்தவர் எழுந்து ஓடினார். மிச்ச இரண்டு நிமிஷம் அவர் அங்கே இல்லை. அதனால்தான் பாதி ஆவி மாதிரித் தெரிந்தார்.

அந்த நேரத்தில் முற்றத்தில் இருக்க வேண்டியவர் லிஃப்ட் ஆபரேட்டர் ஒருவர்தான். அதில் யாருக்கும் தகராறு இல்லை. எந்தப் பக்கம் இருந்தார் என்பதுதான் கேள்வி. லிஃப்ட் பக்கம் இருந்திருந்தால் கயிறு அறுந்ததுமே கை பிரேக்கை எட்டியிருக்கும். படம் படிக்கட்டுப் பக்கம் என்றது. மேல் மாடியில் லிஃப்டுக்குள் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த தொழிலாளி அதோடு கீழே வந்து விழுந்தார். இடது கால் நசுங்கியது. அவர் ஆபரேட்டருக்கு மச்சான், மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

“என்ன தெரியுது?” என்று கேட்டார் மௌனம்.

“செங்கல் எல்லாம் பஞ்சு மாதிரி இருக்கு. டப்பா போட்டோன்னா அப்படித்தான்னு நீங்கதானே அன்னிக்கு சொன்னீங்க.” அவள் கண்ணாடியை நகர்த்தினாள். “ஆமா, இந்தக் கதவு இருட்டுல வெள்ளையா கோடு கோடா இருக்கே, இது என்ன? மயிரிழை மாதிரி நல்லா கூர்மையா இருக்கு.”

“அதான். படம் மங்கல். கோடு மட்டும் ஏன் கூர்மை?”

ரேடியோ டீயை வைத்துவிட்டுக் கார் சாவியைத் தேடினாள்.

வழியில் அவள்தான் பேசினாள். படம் இடம் வலமாக மாறியிருக்குமோ என்ற சந்தேகம் அவளுக்கும் வந்திருந்தது. சட்டைப் பாக்கெட் எந்தப் பக்கம் என்று பார்த்தால் தெரிந்துவிடுமே என்றாள். சீருடையில் பாக்கெட்டே கிடையாது, சிகரெட் வைப்பார்கள் என்று நிர்வாகம் எடுத்துவிட்டது என்றார் மௌனம். நிழலைப் பார்க்கலாமே என்றாள். அன்று முழுக்க மேகமூட்டம். கடைசியில், பாக்கெட் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை, அந்த ஆளுக்கு மூக்கே தெரியவில்லை என்று அவளே முடித்துக்கொண்டாள். “ஆறு நிமிஷம் அசையாம உட்காரணுமாம். என்னை எடுத்தா காலி பெஞ்சுதான் விழும் சார்.”

மௌனம் சிரிக்கவில்லை. பத்து நாளுக்கு முன்பு, டீச்சர் வீட்டை ஒரு நடை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று சொன்னவள் ரேடியோ. சாட்சியே கவரில் படத்தைப் போட்டுத் தேடி வந்து கொடுத்திருக்கிறது, இனி என்ன பார்க்க இருக்கிறது என்று சொன்னவர் அவர். கம்பிக்கயிறு அந்த வாரம்தான் பரிசோதிக்கப்பட்டதாகப் பதிவேட்டில் ஃபிட்டரின் கையெழுத்து இருந்தது. அதையும் அவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்ததோடு சரி.

ஆபரேட்டரிடம் படத்தைக் காட்டிய மதியம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த மனிதர் முதலில் அடித்துச் சொன்னார், நான் லிஃப்ட் பக்கம்தான் இருந்தேன் என்று. கயிறு அறுந்ததும் பிரேக் கம்பியைப் பிடித்து இழுத்தேன், லிஃப்ட் நிற்கவில்லை என்று. பிறகு படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். சில நாள் சாப்பாட்டு நேரத்தில் காற்றுக்காக எதிர்ப் பக்கம் போய் உட்காருவது உண்டு என்று மெல்லச் சொன்னார். அன்றைக்குப் போனேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். “பிரேக் கம்பியைப் பிடிச்சது கையில இருக்கு சார். எங்கேருந்து வந்து பிடிச்சேன்னுதான் தெரியல,” என்றார். இருபது அடி ஓடி வந்திருக்கிறீர்கள், அதுதான் தாமதம், இதில் சந்தேகமே இல்லை என்று மௌனம் விளக்கினார். அதிகம் பேசாதவர் அன்று அவ்வளவு பேசினார்.

டீச்சரின் வீடு இரண்டாவது மாடி. படியேறும்போது முதல் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாளிடம் ரேடியோ நின்றுவிட்டாள். மௌனம் மேலே போய்க் கதவைத் தட்டி, அந்தப் படம் எப்படி அச்சாகிறது என்று ஒரு தடவை பார்க்க வேண்டும், அறிக்கைக்கு ஒரு குறிப்பு சேர்க்க வேண்டியிருக்கிறது என்றார். டீச்சர் தயங்கினார். பிறகு, கேட்டவர்கள் யாருமில்லாத விஷயத்தை ஒருவர் கேட்டுவிட்டதில் முகம் மலர்ந்தது.

இருட்டறை என்பது குளியலறைதான். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, தொட்டியின் மேல் பலகை, பலகையில் மூன்று தட்டுகள், புளித்த வாசனை. கயிற்றில் கிளிப் போட்டு இருபத்தைந்து முப்பது படங்கள் தொங்கின. டீச்சருக்கு ஐம்பது வயது இருக்கும். நகங்கள் மருந்து பட்டுப் பழுப்பேறியிருந்தன. தெருவில் எல்லோரும் அவரை டப்பா டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார்.

மூச்சு வாங்க வந்து சேர்ந்த ரேடியோ, படங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். “டீச்சர், எல்லாப் படத்துலயும் இடது மேல் மூலைல கறுப்பா முக்கோணம் இருக்கே. எலி கடிச்சுதா?”

டீச்சர் சிரித்தார். டப்பாவில் போடுவதற்கு முன் ஒவ்வொரு காகிதத்திலும் ஒரு மூலையைக் கத்தரிப்பது தன் வழக்கம் என்றார். காகிதத்துக்கு ஒரு முகம் உண்டு, ஒரு முதுகு உண்டு. மருந்து பூசிய பக்கம் முகம். படம் விழுவது அதில்தான். சிவப்பு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்று போல இருக்கும். வெட்டிய மூலை விரலில் பட்டால் எது முகம், எது மேல்பக்கம் என்று உடனே தெரிந்துவிடும். அந்த மூலையில் காகிதம் இல்லாததால் அச்சிடும்போது வெளிச்சம் தடையில்லாமல் இறங்கிக் கறுத்துவிடும். அதைத் தன் கையெழுத்து மாதிரி அப்படியே விட்டுவிடுகிறார்.

“இருபது வருஷமாச்சு. ஒரு தடவைகூட மாத்தி வச்சதில்ல. கண்ணைக் கட்டிவிட்டாலும் விரல் சொல்லிடும்.”

வெள்ளை விளக்கை அணைத்துச் சிவப்பு விளக்கைப் போட்டார். பழைய நெகட்டிவ் ஒன்றை, அதாவது டப்பாவில் படம் விழுந்த காகிதத்தை, எடுத்துக் காட்டினார். வானம் கறுப்பு, மரம் வெளுப்பு, எல்லாம் தலைகீழ் நிறம். புதுக் காகிதத்தின் முகத்தின் மேல் நெகட்டிவின் முகத்தைக் கவிழ்த்து, மேலே கண்ணாடியை வைத்து அழுத்தினார். முகத்தோடு முகம் ஒட்டினால்தான் படம் தெளிவாகவும், இடம் வலம் மாறாமலும் வரும் என்றார். தலைக்கு மேல் தொங்கிய சின்ன பல்பை எரியவிட்டு இருபது வரை எண்ணினார். வெளிச்சம் நெகட்டிவின் முதுகு வழியாகக் காகிதத்துக்குள் ஊறி இறங்கியது. பல்பை அணைத்து, காகிதத்தை முதல் தட்டில் அமிழ்த்தி ஆட்டினார். ஒன்றுமில்லாத வெள்ளையில் முதலில் ஒரு முக்கோணம் கறுத்தது. பிறகு மரம் வந்தது.

“அடேயப்பா,” என்றாள் ரேடியோ, நிஜமாகவே.

“அந்த மரத்தடியில லேசா வெள்ளைப் புகை மாதிரி இருக்கே, அது?” என்று கேட்டார் மௌனம்.

பென்சில் என்றார் டீச்சர். நிழல் ரொம்பவும் கறுத்துப் போகும் என்று தோன்றினால் நெகட்டிவின் முதுகில் அந்த இடத்தில் பென்சிலால் கோடு கோடாகத் தீட்டுவார். பென்சில் கொஞ்சம் வெளிச்சத்தை மறிக்கும். அந்த இடம் சற்று வெளுத்து வரும். கோடுகளுக்கும் புதுக் காகிதத்துக்கும் நடுவில் நெகட்டிவின் தடிமன் இருப்பதால் அவை கோடாகத் தெரியாது, புகை மாதிரிக் கரைந்துவிடும்.

மரத்தின் படம் மூன்றாவது தட்டுக்குப் போய், டீச்சர் வெள்ளை விளக்கைப் போட்ட பிறகு, மௌனம் தன் பையிலிருந்து முற்றத்தின் படத்தை எடுத்துப் பலகையில் வைத்தார்.

“இதுல கோடு கூர்மையா இருக்கு. செங்கல்தான் கரைஞ்சிருக்கு.”

டீச்சர் குனிந்து பார்த்தார். அந்த அறையில் குழாய்கூடச் சொட்டவில்லை.

“முதுகைக் கீழ வச்சுட்டேன் போலிருக்கு,” என்றார் கடைசியில். “கை தவறியிருக்கும். ஐயோ, அப்படின்னா படம் இடம் வலமா மாறிடுமே. அந்த ஆள் லிஃப்ட் பக்கம்தான் இருந்திருக்காரு. நான் எழுதிக் குடுத்துடறேன் சார். என் தப்புன்னே எழுதிக் குடுத்துடறேன்.”

ரேடியோ நீளமாக மூச்சு விட்டாள். காலை பத்து மணிக்குள் கடிதம் போய்விடும், ஆபரேட்டர் வேலைக்குத் திரும்பிவிடுவார், விரல் கூட ஒரு நாள் லீவு எடுக்கும் டீச்சர், மனசுல வச்சுக்காதீங்க என்று அவள் பாட்டுக்குப் பேசினாள். மௌனத்துக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரிதான் இருந்தது. ஒரு கைத்தவறு. அவர் கவனிக்காமல் விட்டது ஒரு கைத்தவறைத்தான். இப்படியே கிளம்பிவிடலாம்.

அவர் கிளம்பவில்லை.

“ஸ்கேல் இருக்கா?”

டீச்சர் எடுத்துக் கொடுக்கவில்லை. அலமாரியில் இருந்ததை ரேடியோ எடுத்தாள். கயிற்றில் தொங்கிய படங்கள் எல்லாம் ஒரே அளவு. முற்றத்தின் படம் நாலு பக்கமும் ஒரு விரற்கடை குறைவு. அதில் முக்கோணமும் இல்லை.

“மாத்தி வச்சா முக்கோணம் வலது மூலைக்குப் போயிடும்,” என்றார் மௌனம். “உங்க படத்தைப் பாத்தவங்க யாரா இருந்தாலும் கண்டுபிடிச்சுடுவாங்க. அதனால ஓரத்தை நறுக்கியிருக்கீங்க. கை தவறினவங்க நறுக்க மாட்டாங்க டீச்சர்.”

டீச்சர் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். பேசியது ரேடியோதான். அவள் குரல் அவ்வளவு தணிந்து மௌனம் கேட்டதில்லை.

“கீழ்வீட்டம்மா சொன்னாங்க சார். டீச்சர் வீட்டுல மட்டும் குழாய் ஒழுகாதாம். தம்பி எதிர்க் கம்பெனியில ஃபிட்டராம்.”

பதிவேட்டில் இருந்த கையெழுத்து.

டீச்சர் மறுக்கவில்லை. விபத்து நடந்த அன்று சாயங்காலம் தம்பி வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான் என்றார். மேலே ஏறிக் கயிற்றைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னான். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவனை வளர்த்ததே அக்காதான். அன்றைய நெகட்டிவை அவர் அதற்கு முன்பே கழுவிக் காயப்போட்டிருந்தார். அதில் ஆபரேட்டர் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

“கயிறு அறுந்துச்சுன்னா எல்லாரும் கயிறைப் பாப்பாங்க. ஆள் இடத்துல இல்லன்னா ஆளைப் பாப்பாங்க. அவ்வளவுதான் யோசிச்சேன்.”

“தம்பிக்குத் தெரியுமா?”

“தெரியாது. வேண்டாம்னு சொல்லியிருப்பான்.” பழுப்பேறிய நகத்தைத் தேய்த்தார். “சொல்லியிருப்பானான்னு நிச்சயமா தெரியல. அதனாலதான் கேக்கல.”

அலமாரியின் மேல் தட்டிலிருந்த அட்டைப்பெட்டியை இறக்கி, ஒரு நெகட்டிவை எடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் காகிதம். இரண்டு கையாலும் அதன் இரு ஓரங்களைப் பிடித்துக்கொண்டார்.

“இதைக் கிழிச்சுட்டா உங்ககிட்ட ஒண்ணும் கிடையாது. பென்சில் கோடு, முக்கோணம்னு சொன்னா எவன் நம்புவான்?”

யாரும் நம்ப மாட்டார்கள் என்பது மௌனத்துக்குத் தெரியும். ரேடியோ ஓர் அடி முன்னால் வைத்தாள். அவர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். பையிலிருந்து வாக்குமூலத்தின் நகலை எடுத்து, அதில் இருந்ததை அப்படியே படித்தார். படத்தில் அப்படித் தெரிவதால் நான் அங்கேதான் உட்கார்ந்திருக்க வேண்டும். என் மச்சானின் காலுக்கு நான்தான் காரணம். இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறேன்.

டீச்சர் நிமிர்ந்தார். “அவர் இல்லன்னு சண்டை போடுவார்னு நினைச்சேன். யூனியன் இருக்கு, வேற டிபார்ட்மெண்ட்டுக்கு மாத்துவாங்க, அதோட போயிடும்னு...”

“சண்டை போடல. அவரே நம்பிட்டார். நான் நம்ப வச்சேன்,” என்றார் மௌனம். “நீங்க குடுத்ததை நான் ஒரு தடவை ஒழுங்காப் பாத்திருந்தா போதும். ஒரு நடை இங்க வந்திருந்தா போதும்.”

பிறகு டீச்சர் எழுந்து வெள்ளை விளக்கை அணைத்தார்.

சிவப்பு வெளிச்சத்தில் நெகட்டிவைக் கவிழ்க்கும்போது அவர் விரல் மூலையைத் தேடவேயில்லை. கண்ணாடி. பல்பு. இருபது வரை எண்ணிக்கை, இந்த முறை வாய்விட்டு. காகிதம் தட்டில் விழுந்தது. இடது மேல் மூலையில் முக்கோணம் கறுத்தது. செங்கல்கள் ஒவ்வொன்றாக விளிம்போடு வந்தன. கதவு இருட்டு புகை மாதிரி வெளுத்தது. கடைசியாக வலது பெஞ்சில், லிஃப்ட் கதவை ஒட்டி, அந்த மனிதர் வந்து உட்கார்ந்தார். முழங்கால்மேல் கை வைத்திருந்தது கூடத் தெரிந்தது.

ஈரப் படத்தையும் நெகட்டிவையும் டீச்சரே ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். தம்பியிடம் தானே சொல்லிவிடுவதாகவும், காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் தொழிற்சாலைக்கு வந்துவிடுவதாகவும் சொன்னார். வருவாரா என்று படியிறங்கும்போது ரேடியோ கேட்டாள். தெரியாது என்றார் மௌனம். வராவிட்டாலும் கவர் போதும்.

ஆபரேட்டரின் வீட்டுக்குப் போய்ச் சேர நாலு மணி ஆகிவிட்டது. இரண்டு அறை வீடு. கதவு திறந்திருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து ஒரு நாற்காலியின் காலில் ரப்பர் மாட்டிக்கொண்டிருந்தார். மச்சான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் வழுக்காமல் இருக்க வேண்டும் என்றார். மனைவி உள் அறையில் ஃப்ளாஸ்க்கில் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். பத்து நாளாக அவரிடம் பேசுவதில்லை என்பது அவர்கள் இருவரும் இருந்த விதத்திலேயே தெரிந்தது.

மௌனம் உட்காரவில்லை. படத்தைக் கொடுத்து, நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். நீங்கள் உங்கள் இடத்தில்தான் இருந்தீர்கள். பிரேக்கைப் பிடித்தீர்கள். கயிறு பழுது, யாரும் பார்க்கவில்லை. என்மேல்தான் தப்பு.

ஆபரேட்டர் படத்தை வாங்கிப் பார்த்தார். அதிகம் பார்க்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“அன்னிக்கும் இப்படித்தான் சார் சொன்னீங்க. சந்தேகமே இல்லன்னு.”

ரேடியோ படத்தை வாங்கிக் கவரில் வைத்தாள்.

“நான் மச்சான்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன் சார்,” என்றார் ஆபரேட்டர். “கட்டில் ஓரத்துல நின்னு, காலைப் பிடிச்சு. நல்லா இருக்கற காலை. அவனும் பரவாயில்ல மாமான்னு மன்னிச்சுட்டான். வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டு மன்னிச்சான். இப்போ அதை என்ன செய்யறது?”

மௌனத்துக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னார்.

உள் அறையில் ஃப்ளாஸ்க்கை மூடும் சத்தம் கேட்டது. மனைவி வெளியே வந்தாள். மௌனத்தைப் பார்க்கவில்லை. பத்து நாளுக்குப் பிறகு முதல்முறையாகக் கணவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஆஸ்பத்திரியில அஞ்சு மணிக்கு உள்ள விடுவாங்க,” என்றாள், யாரிடம் என்றில்லாமல். “சட்டை மாத்திக்கிட்டு வாங்க. இந்த சாரும் வரட்டும். நம்ம சொல்ல வேணாம். அவன்கிட்ட இவரே சொல்லட்டும்.”

ஆபரேட்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மௌனம் வாசலுக்குப் போய்க் காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் வரும்வரை நின்றார்.